சதுரங்கம் ஆடினால் மூளை வளருமா?

"பையனுக்குக் கணக்கு வரவில்லையா? செஸ் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், மூளை தானாகக் கூர்மையாகிவிடும்." இந்த அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி மாதந்தோறும் கட்டணம் செலுத்தி வருபவர்களும் உங்களில் இருக்கலாம். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்குமுன், இந்த ஆட்டம் நடந்துவந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். (கட்டத்துக்குக் கட்டம் தானியத்தை இரட்டிப்பாக்கிக் கேட்ட அறிஞரின் கதையை மட்டும் விட்டுவிடுகிறேன். அதை உங்கள் கணக்கு ஆசிரியர் முன்பே சொல்லியிருப்பார்.)

தேர், யானை, குதிரை, காலாள் என்பன படையின் நான்கு அங்கங்கள். 'சதுரங்கம்' என்ற பெயர் இதிலிருந்தே வந்தது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் இப்பெயர் காணப்படுகிறது. வட இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற ஆட்டம் அங்கே 'சத்ரங்' ஆயிற்று. அரபியர் நாவில் அது 'ஷத்ரஞ்ச்' என்று திரிந்தது. அரசன் செயலற்றுப் போனான் என்னும் பொருளில் 'ஷா மாத்' என்று அவர்கள் சொன்னதே, ஆட்ட முடிவில் இன்று நாம் சொல்லும் 'செக்மேட்'.

ஆனால் அரபியர் ஆடியது இன்றைய ஆட்டமன்று. அரசனுக்குப் பக்கத்தில் இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று நின்றவர் மந்திரி. அவர் குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்வார், அவ்வளவுதான். யானையின் நிலை இன்னும் பரிதாபம். அது குறுக்காகச் சரியாக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், வேறு எங்கும் போகாது. பலகையும் பென்சிலும் எடுத்துக் குறித்துப் பாருங்கள். ஆயுள் முழுதும் தாவினாலும் அந்த யானையால் 64 கட்டங்களில் எட்டைத்தான் தொட முடியும்! ஆகவே ஆட்டம் மெதுவாக நகர்ந்தது. படைகள் கைகலக்கவே நெடுநேரம் பிடித்தது.

1475-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயினின் வலென்சியா நகரில் இந்த நிலை மாறிற்று. மந்திரியின் இடத்துக்கு வந்த ராணிக்கு எல்லாத் திசைகளிலும் தடையின்றிப் பாயும் ஆற்றல் கிடைத்தது. தாவிக்கொண்டிருந்த யானை, குறுக்குக் கோட்டில் எவ்வளவு தூரமும் செல்லக்கூடிய காயாயிற்று. ஆங்கிலேயர் அதைப் பிஷப் என்கின்றனர், நாம் மந்திரி என்கிறோம். ஆனால் ஸ்பானிய மொழியில் அதன் பெயர் இன்றும் 'அல்ஃபில்', அதாவது அரபியில் யானை! நம்மவர் யானை என்று மூலையில் நிறுத்தும் காயோ பழைய தேர். பெயர்கள் இப்படி இடம் மாறிக் கிடப்பதால், பழைய நூல்களைப் படிப்பவர்கள் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இன்றைய விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு 16 காய்கள். மூலைக் காய் நேர்க்கோட்டிலும், மந்திரி குறுக்கிலும், ராணி இரண்டிலும் செல்லும். குதிரை இரண்டு கட்டம் நேரே சென்று ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும். இடையிலுள்ள காய்களைத் தாண்ட வல்லது அது ஒன்றே. சிப்பாய் முன்னோக்கி ஒரு கட்டம் நகரும், வெட்டும்போது மட்டும் குறுக்காக வெட்டும். முதல் நகர்த்தலில் அது இரண்டு கட்டமும் செல்லலாம். அரசன் எத்திசையிலும் ஒரு கட்டம். எதிரியின் அரசன் தாக்குதலிலிருந்து தப்ப வழியே இல்லாதபடி செய்தால் வெற்றி. ஒரு மாலைப் பொழுதில் இவ்வளவையும் கற்றுவிடலாம். நன்றாக ஆடக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் கேள்வியே. ஆட்டத்துக்குப் பகைவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் தடை செய்யப்பட்ட சதுரங்கம் 1988-இல்தான் மீண்டும் அனுமதி பெற்றது. பிரேம்சந்த் 1924-இல் எழுதிய கதையொன்றில், வெள்ளையர் அவத் நாட்டை விழுங்கிக்கொண்டிருக்கையில் லக்னோவின் இரு செல்வந்தர் ஆட்டத்தில் மூழ்கிக் கிடக்கின்றனர். நாட்டுக்காக வாளெடுக்காதவர்கள், கடைசியில் ஆட்டத் தகராறில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகின்றனர். சத்யஜித் ரே இதை 1977-இல் திரைப்படமாக்கியபோது முடிவை மாற்றிவிட்டார். கதை மிகையாகத் தோன்றலாம். ஆனால் 1851-இல் லண்டனில் நடந்த சர்வதேசப் போட்டியில் கடிகாரமே கிடையாது. ஒரு நகர்த்தலுக்காக எதிராளி எவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டியதுதான். பின்னர் மணற்கடிகாரம் வந்தது, 1883-இல் இரட்டைக் கடிகாரம் வந்தது. போட்டி மண்டபத்தில் நேரத்துக்குக் கடிவாளம் கிடைத்தது. வீட்டிலே ஆடுபவர்களுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய மனைவியரின் கருத்து.

இனி மூளைக்கு வருவோம். பிற்காலத்தில் அறிவுத்திறன் சோதனையை வகுத்துப் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் பினே, பலகையைப் பாராமலே ஆடுபவர்களை ஆராய்ந்து 1894-இல் நூல் வெளியிட்டார். அவர்கள் மனத்தில் பலகையை ஒரு புகைப்படம் போலப் பதித்துக்கொள்கிறார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் அவர்களுள் பலர் காய்களின் நிறத்தையோ வடிவத்தையோ மனத்தில் காணவில்லை. காய்களுக்கிடையே உள்ள தொடர்புகளையே உணர்ந்தனர். 1925-இல் மாஸ்கோ போட்டிக்கு வந்த வீரர்கள் சிலரை உளவியலாளர்கள் சோதித்தபோது, சதுரங்கம் சாராத விஷயங்களில் அவர்களின் நினைவாற்றல் பிறரைவிட மேம்பட்டிருக்கவில்லை.

இதன் காரணத்தைத் துலக்கியவர் நெதர்லாந்தின் அட்ரியன் டி குரோட். தாமே தேர்ந்த ஆட்டக்காரரான இவர், 1946-இல் வெளியிட்ட ஆய்வில் வியப்பான ஒன்றைச் சொன்னார். பெரும் வீரர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக அதிக நகர்த்தல்களைக் கணக்கிடுவதில்லை. பார்த்தவுடனே எது முக்கியம் என்று அவர்களுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் இதை மேலும் ஆராய்ந்தனர். உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்ட நிலையொன்றை ஐந்து விநாடி காட்டி மறைத்தனர். மாஸ்டர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவரோ நான்கு காய்களையே வைத்தார். அடுத்து அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினர். இப்போது மாஸ்டரும் மூன்று நான்கு காய்களோடு நின்றுவிட்டார்! அத்தகைய நிலையிலும் தேர்ந்தவருக்குச் சிறிது மேல்கை உண்டு என்று 1996-இல் வந்த ஆய்வு திருத்திச் சொன்னது. எனினும் அடிப்படை மாறவில்லை. நமக்கு எழுத்துகள் சொற்களாகத் தெரிவது போல, வீரருக்குக் காய்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிகின்றன. பழகிய கண் அது. மளிகைக் கடைப் பட்டியலை மறப்பதில் அவரும் நம்மைப் போன்றவர்தாம்.

அப்படியானால் கணக்குப் பாடம்? இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் சுமார் 4,000 மாணவரைக் கொண்டு சோதித்தனர். பாதிப் பள்ளிகளில் 30 வாரம் சதுரங்கம் கற்பித்தார்கள். பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. 2016-இல் முடிவு வெளியாயிற்று.

இதனால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எதிராளி என்ன நினைக்கிறான் என்று எண்ணுவதும், தோற்றபின் கைகொடுத்து எழுவதும் பலகையின் முன் தாமாகப் பழகும். அது போதாதா? 1961-இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் சதுரங்கக் கழகம் தோன்றியது. அங்கே பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-இல் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றார். இவர்கள் யாரும் பரீட்சை மதிப்பெண்ணுக்காக ஆடியவர்கள் அல்லர்.

ஐயமிருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். செய்தித்தாளில் வந்த ஓர் ஆட்டத்தின் நடு நிலையைப் பலகையில் அடுக்கி, ஐந்து விநாடி காட்டித் துணியால் மூடிவிடுங்கள். வேறொரு பலகையில் அதை அடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஆட்டமே தெரியாத ஒரு குழந்தையிடம் காய்களைக் கொடுத்து, விருப்பம்போல் வைக்கச் சொல்லி, அதையும் அவருக்கு ஐந்து விநாடி காட்டுங்கள். இரண்டு முறையும் அவர் எத்தனை காய்களைச் சரியாக வைத்தார் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.