ஆஸ்போர்ன் 1: திருவண்ணாமலைப் பையனின் 11 கிலோ பொட்டி

புது லேப்டாப் வாங்கினவங்க எல்லாரும் முதல் மாசம் ஒரே மாதிரிதான் புலம்புவாங்க. பேட்டரி நிக்க மாட்டேங்குது, தொடையில வெச்சா சுடுது, திரை சின்னதா இருக்கு, கடையில சொன்னது ஒண்ணு கைக்கு வந்தது ஒண்ணு. இந்தப் புலம்பலுக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கறீங்க? நாப்பது வருசத்துக்கும் மேல. கையில தூக்கிட்டுப் போற கணினி ஓரளவு வாங்கக்கூடிய விலையில 1981-ல கடைக்கு வந்துச்சு. புலம்பலும் அது கூடவே வந்துடுச்சு. அந்தப் பொட்டியோட பேர் ஆஸ்போர்ன் 1.

அந்தப் பொட்டியைச் செஞ்சவரைப் பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க. வாங்கினவங்களைப் பத்தி யாரும் அவ்வளவா எழுதறதில்ல. எனக்கு ரெண்டாவது கூட்டம்தான் சுவாரசியம். ஆனா செஞ்சவர் நம்ம ஊர்ல வளர்ந்தவரா இருக்கறதால அவரைத் தாண்டி நேரா போகவும் மனசு வரல. அதனால அவர்கிட்ட இருந்தே ஆரம்பிப்போம்.

அண்ணாமலையார் ஊர்க்காரர்

ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திட்டு இருந்தவர். ரமண மகரிஷி மேல ஈடுபாடு. ரமணரைப் பத்தி ஆங்கிலத்துல புத்தகம் எழுதினதும், ஆசிரமத்துல இருந்து 1964-ல 'தி மவுண்டன் பாத்' பத்திரிகையை ஆரம்பிச்சதும் இவர்தான். ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ஜப்பான்காரங்க இவரைத் தாய்லாந்துல சிறைமுகாமில் அடைச்சு வெச்சிருந்தாங்க. அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில. ஆக, ஆடம் வளர்ந்தது அங்கே, படிச்சது கொடைக்கானல் கான்வென்ட்டுல. பதினோரு வயசுல இங்கிலாந்து போயிட்டார்.

அப்புறம் கெமிக்கல் எஞ்சினியர் ஆனார், அமெரிக்கா போனார், முனைவர் பட்டம் வாங்கினார். (கெமிக்கல் படிச்சுட்டு கம்ப்யூட்டருக்கு வர்றது நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சீங்களா? :-)) மைக்ரோபிராசசர் பத்தி சாதாரண ஆளுக்கும் புரியற மாதிரி புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கினார். பத்திரிகையில பத்தி எழுதினார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் என்ன சொல்லுது, நிஜமா என்ன தருதுன்னு அதுல போட்டுத் தாளிப்பார். 1979-ல தன்னோட பதிப்பகத்தை மெக்ரா-ஹில்லுக்கு வித்துட்டார். விமர்சனம் எழுதினவர் அதுக்கப்புறம் தானே கம்ப்யூட்டர் செய்யக் கிளம்பிட்டார்.

அவரோட கொள்கை ரொம்ப எளிமை: தேவைக்குப் போதுமானது இருந்தா போதும், அதுக்கு மேல எல்லாம் வீண். உள்ளே என்ன என்ன வரணும்னு வடிவமைச்சவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களை நடத்தின அதே ஆள்.

1,795 டாலருக்கு என்ன கிடைச்சது?

1981 ஏப்ரல்ல வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் கண்காட்சியில காட்டினாங்க. விலை 1,795 டாலர். நான்கு மெகாஹெர்ட்ஸ் இசட்-80 பிராசசர், 64 கிலோபைட் நினைவகம், ரெண்டு பிளாப்பி டிரைவ், உள்ளேயே திரை, மூடியிலேயே கீபோர்டு. கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், ரெண்டு பேசிக் மொழி. மென்பொருளைத் தனியா வாங்கினாலே பொட்டி விலைக்குக் கிட்ட வந்துடும்னு பேசிக்கிட்டாங்க. அதே வருசம் ஆகஸ்ட்ல வந்த ஐபிஎம் பிசியோட ஆரம்ப விலை 1,565 டாலர். ஆனா அந்த விலைக்கு மானிட்டரும் கிடையாது, டிஸ்க் டிரைவும் கிடையாது.

ஆக கணக்குப் பார்த்தா ஆஸ்போர்ன் அள்ளிக் கொடுத்த மாதிரிதான். ஜனம் வரிசையில நின்னு வாங்குச்சு. உச்சத்துல மாசத்துக்கு 10,000 பொட்டி வரைக்கும் போச்சு.

வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்த பிறகுதான் கதையே.

முதல் வாரப் புலம்பல்கள்

*எடை.* 24.5 பவுண்டு. நம்ம கணக்குல 11 கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டையை ஒரு கையில தூக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் படி ஏறிப் பாருங்க, 'போர்ட்டபிள்'ங்கற வார்த்தைக்கு அர்த்தம் புரியும். மூடி வெச்சா தையல் மிஷின் பெட்டி மாதிரியே இருக்கும். விமானத்துல சீட்டுக்கு அடியில நுழையற அளவுல செஞ்சிருந்தாங்க. அங்கே வரைக்கும் தூக்கிட்டுப் போறது உங்க பாடு.

*பேட்டரி.* கிடையாது! ஆமாங்க, உள்ளே பேட்டரியே இல்ல. பிக்சர் டியூபும், ரெண்டு பிளாப்பி மோட்டாரும் குடிக்கற கரண்டுக்கு அன்னைக்கு இருந்த பேட்டரி எதுவும் தாங்காது. வேற ஆட்கள் பேட்டரி பெட்டி தனியா செஞ்சு வித்தாங்க, அது ஒரு மணி நேரம் வந்தாலே பெருசு. அதனால பயணம் போனவங்க எல்லாம் போன இடத்துல முதல்ல தேடினது பிளக் பாயிண்ட். இன்னிக்கு ஏர்போர்ட்ல தூண் ஓரமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கறவங்களுக்கு இவங்கதான் முன்னோடி.

*திரை.* இதுதான் பெரிய வலி. மூலைக்கு மூலை அஞ்சு இஞ்ச். ஒரு வரியில 52 எழுத்து, மொத்தம் 24 வரி. ஆனா தாள்ல டைப் அடிச்சா ஒரு வரிக்கு 80 எழுத்து வரும். என்ன பண்றது? ஃபெல்சன்ஸ்டைன் ஒரு தந்திரம் செஞ்சிருந்தார். நினைவகத்துல 128 எழுத்து அகலத்துக்கு வரியை வெச்சுக்கும். திரை அது மேல நகர்ற ஒரு சின்ன ஜன்னல். கண்ட்ரோல் விசையோட அம்புக்குறியை அழுத்தினா ஜன்னல் இடமும் வலமும் நகரும். சாவி ஓட்டை வழியா கல்யாண வீட்டைப் பார்க்கற மாதிரி. கடிதம் எழுதறவங்க சமாளிச்சாங்க. சூப்பர்கால்க்ல பன்னெண்டு மாசக் கணக்குப் போட்டவங்க ஜனவரியைப் பார்த்தா டிசம்பர் தெரியாது, டிசம்பரைப் பார்த்தா ஜனவரி தெரியாது.

*பிளாப்பி.* ஒரு தட்டுல சுமார் 90 கிலோபைட்தான். இன்னிக்கு போன்ல எடுக்கற மூணு மெகாபைட் படம் ஒண்ணை வைக்கவே முப்பது பிளாப்பிக்கு மேல வேணும். வேர்ட்ஸ்டார் ஒரு தட்டுல பாதிக்கு மேல உட்கார்ந்துக்கும். எழுதினதை எல்லாம் இன்னொரு தட்டுல போட்டு, மாத்தி மாத்திச் செருகிட்டே இருக்கணும்.

கவனிச்சீங்களா? இதுல எதுவும் ரகசியமில்ல. எல்லாமே விளம்பரத்துலயே எண்களா இருந்த விசயம்தான். ஆனா 52-ங்கற எண்ணுக்கும், ராத்திரி பத்து மணிக்கு அந்த 52 எழுத்து ஜன்னல் வழியா முப்பது பக்க அறிக்கையைத் திருத்தறதுக்கும் நடுவுல இருக்கற தூரம் வாங்கினவனுக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கம்பெனியோட பரிசோதனைக் கூடத்துலயும் அந்த ராத்திரி பத்து மணி இருக்கறதில்ல. 'போதுமானது'ங்கற அளவைச் செய்யறவர் முடிவு பண்ணிடறார். அது போதலைன்னு கண்டுபிடிக்கறது வாங்கினவரோட வேலை, அதுவும் சம்பளமில்லாத வேலை.

அவங்க என்ன பண்ணினாங்க?

திட்டிட்டு மூலையில வைக்கல. 1981 அக்டோபர்லயே, அதாவது பொட்டி கைக்கு வந்து சில மாசத்துலயே, கலிஃபோர்னியாவில டேலி சிட்டிங்கற ஊர்ல 'ஃபர்ஸ்ட் ஆஸ்போர்ன் குரூப்'னு ஒரு பயனர் சங்கம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா ஃபாக். 'ஃபாக்ஹார்ன்'னு ஒரு செய்திமடல். பயனர் சங்கம்னா எல்லாரும் தங்களோட பொட்டியைத் தூக்கிட்டு ஒரு இடத்துல கூடுவாங்க, இலவச மென்பொருளைப் பிளாப்பி பிளாப்பியா நகலெடுத்துக்குவாங்க, ஒருத்தருக்கு வந்த கோளாறுக்கு இன்னொருத்தர் வழி சொல்லுவார்.

புலம்பலுக்குப் பலனும் இருந்துச்சு. முதல்ல வந்த பழுப்பு நிறப் பெட்டியை 1982-ல நீலச்சாம்பல் நிறத்துல மாத்திச் செஞ்சாங்க. பிளாப்பியில ரெண்டு மடங்கு எழுத வைக்கற இரட்டை அடர்த்தி வசதி வந்துச்சு. ஒரு வரியில 80 எழுத்து காட்டற பலகையும் கடைசியில வந்துச்சு.

கடைசியிலன்னு சொன்னேன் பாருங்க, அங்கேதான் சிக்கல். அதுக்குள்ள 1982-ல கேப்ரோ II வந்துடுச்சு. அதே 1,795 டாலர், ஒன்பது இஞ்ச் திரை, 80 எழுத்து. ஆஸ்போர்ன் வாங்கினவங்க புலம்பின விசயத்தையே எடுத்து அப்படியே விளம்பரம் ஆக்கின மாதிரி. 1983-ல ஐபிஎம் மென்பொருள் எல்லாம் ஓடற காம்பாக் போர்ட்டபிள் வந்துச்சு. அதே வருசம் செப்டம்பர்ல ஆஸ்போர்ன் கம்பெனி திவால். ரெண்டரை வருசம்தான்.

புது மாடலைச் சீக்கிரமே அறிவிச்சதால பழசு விக்காமப் போய் கம்பெனி மூழ்குச்சுங்கற கதையை எம்பிஏ வகுப்புல 'ஆஸ்போர்ன் விளைவு'ன்னு பாடமே நடத்தறாங்க. அது முழுக்கதை இல்லைன்னு பின்னாடி பலர் எழுதினாங்க. எனக்குப் படறது, அந்த 52 எழுத்துதான் பாதி காரணம். முதல் வாரப் புலம்பலை நீங்க கேக்கலைன்னா பக்கத்துக் கடைக்காரன் கேட்டுக்குவான்.

கம்பெனி போன பிறகு கையில பொட்டியோட நின்னவங்க நிலைமை? ஃபாக் நின்னுச்சு. ஆஸ்போர்னோட மட்டும் நிக்காம, சிபி/எம் இயங்குதளம் ஓடற மத்த கணினிகளையும் சேர்த்துக்கிட்டு, கம்பெனியை விட அதிக வருசம் ஓடுச்சு. செஞ்சவர் கடையை மூடின பிறகும் அந்தப் பொட்டிகள் உயிரோட இருந்ததுக்கு வாங்கினவங்கதான் காரணம்.

அதுக்கப்புறமும் அதே கதை

1989-ல ஆப்பிளோட மெக்கின்டாஷ் போர்ட்டபிள். 7 கிலோ, உள்ளே கார்ல இருக்கற வகை ஈய-அமில பேட்டரி. பேட்டரி செத்துட்டா அடாப்டர் செருகினாலும் ஆன் ஆகாது! 1995-ல பவர்புக் 5300. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சது தெரிஞ்சு, அதைப் பிடுங்கிட்டு பழைய நிக்கல் வகையைப் போட்டாங்க. 2006-ல சோனி செஞ்ச செல்கள் இருந்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்ப வாங்குச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜப்பான்ல ஒரு கூட்டத்துல லேப்டாப் எரியற படம் இணையம் பூரா சுத்துச்சு. பரிசோதனைக் கூட அறிக்கையை விட அந்த ஒரு படத்தைப் பார்த்தவங்கதான் அதிகம்.

என் அனுபவமும் ஒண்ணு உண்டு. போன வருசம் வாங்கின லேப்டாப், மூடி வெச்சாலும் பைக்குள்ள தூங்காம முழிச்சிருக்கும். ஆபீஸ் போய் எடுத்தா இட்லி குண்டான் மாதிரி சூடு, பேட்டரி காலி. சர்வீஸ் சென்டர்ல மூணு தடவை ஒரே பதில்: "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." அதே மாடல் வெச்சிருந்த ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். எத்தனை மணிக்கு மூடினது, எத்தனை சதவீதம் இறங்குச்சுன்னு ரெண்டு வாரம் ஒரு எக்செல்ல குறிச்சோம். அதை எடுத்துட்டு நாலு பேரும் ஒண்ணாப் போனப்புறம்தான் மேலே அனுப்பினாங்க. ஒன்றரை மாசத்துல பயாஸ் அப்டேட் வந்துச்சு, பிரச்சினை போயிடுச்சு. எங்களால வந்துச்சா, வேற ஊர்ல இன்னும் நானூறு பேர் கத்தினதால வந்துச்சா, தெரியாது. யாரோ கத்தினதால வந்துச்சு, அது மட்டும் நிச்சயம்.

'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க'ங்கற வார்த்தைக்குத்தான் நாம பழகிட்டோம். பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா உட்காரவும் அதே வார்த்தை, அறுபதாயிரம் ரூபா பொட்டிக்கும் அதே வார்த்தை. 1981-ல அந்த அஞ்சு இஞ்ச் திரைக்கு எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா 80 எழுத்துத் திரை இன்னும் எத்தனை வருசம் கழிச்சு வந்திருக்குமோ. அதனால புதுப் பொட்டி வாங்கறவங்க முதல் மாசம் ஒரு சின்ன நோட்டு போடுங்க. என்னைக்கு, என்ன பண்ணும்போது, என்ன ஆச்சு. அதே மாடல் வெச்சிருக்கற இன்னும் ரெண்டு பேரைக் கண்டுபிடிங்க. தனியாப் போனா புலம்பல், சேர்ந்து போனா புகார்.

ஆடம் ஆஸ்போர்ன் என்ன ஆனார்னு கேப்பீங்க. 1984-ல குறைஞ்ச விலை மென்பொருள் விக்க இன்னொரு கம்பெனி ஆரம்பிச்சார். லோட்டஸ் கம்பெனி வழக்குப் போட்டு 1990-ல ஜெயிச்சது. உடம்பு முடியாம 1992-ல இந்தியா திரும்பி, கொடைக்கானல்ல சகோதரி வீட்டுல கடைசிக் காலத்தைக் கழிச்சார். 2003 மார்ச்ல, 64 வயசுல, அங்கேயே காலமானார். சின்ன வயசுல படிச்ச அதே மலை.

அடுத்த தடவை கொடைக்கானல் போகும்போது, பையில இருக்கற ஒன்றரை கிலோ லேப்டாப்பு கனமா தெரிஞ்சா, மனுசனை ஒரு நிமிசம் நினைச்சுக்குங்க. அந்த 11 கிலோவைத் தூக்கிட்டு அலைஞ்சு, பத்தலை பத்தலைன்னு கத்தின பேர் தெரியாத ஜனங்களையும் சேர்த்து.

டிஸ்கி: உங்க முதல் பொட்டி எது, முதல் மாசம் என்ன படுத்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. இங்கேயே ஒரு ஃபாக் ஆரம்பிச்சுடலாம் :-)