தக்காவி

கிணறு வெட்டவும் உழவு மாடு வாங்கவும் சர்க்கார் கொடுத்த கடனை நம் முன்னோர் 'தக்காவி' என்றனர். தாலுகா கச்சேரியில் வழங்கியதால் வெள்ளைக்காரர் கொணர்ந்த சொல்லோ எனத் தோன்றும். ஆனால் அது அரபியிலிருந்து வந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் 'குவ்வத்'தும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. உழவனுக்கு வலுவூட்டுதல் என்பதே அதன் கருத்து.

ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆண்ட கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இராக்கின் ஆளுநருக்கு விடுத்த மடல்களை, அபூ உபைத் தமது 'கிதாபுல் அம்வால்' நூலில் பதிந்துள்ளார். மக்களுக்குரிய மானியங்களைக் கொடுத்த பின்னும் பைத்துல் மாலில் பணம் மிஞ்சியது. கடனாளிகளின் கடனைத் தீர்க்கப் பணித்தார்கள்; மீண்டும் மிஞ்சியது. மணமாகாத ஏழைகளுக்கு மஹர் கொடுக்கப் பணித்தார்கள், அப்போதும் மிஞ்சியது. இறுதியாக, வரி செலுத்தும் முஸ்லிமல்லாத குடிகளில் நிலத்தைப் பயிரிட வலுவற்றவர் எவரோ, அவருக்கு வேண்டிய முன்பணத்தைக் கடனாகக் கொடுக்குமாறு எழுதினார்கள். ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் அம்மக்கள் நமக்குத் தேவைப்படுபவர் அல்லர் என்பது அவர்கள் கூறிய காரணம். யாருக்குக் கொடுப்பது என்பதை அந்த மடல் ஐயமற வரையறுத்ததைக் கவனிக்க வேண்டும்.

அந்த வரையறை தவறினால் நேர்வதை டில்லியில் காண்கிறோம். முஹம்மது பின் துக்ளக் (1325–1351) பஞ்சத்திற்குப் பின் தரிசைத் திருத்த 'திவானே அமீர் கோஹி' என்றொரு தனி இலாகாவையே நிறுவினார். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பணம் கலப்பையை அடையவில்லை. தரிசைத் திருத்துவதாக ஒப்பந்தம் செய்து முன்வந்தோர் குதிரையும் பட்டாடையும் ரொக்கமும் பெற்றுச் சென்றனர். இரண்டே ஆண்டுகளில் எழுபது இலட்சம் தங்காவுக்கு மேல் செலவாகியும், சொன்னதில் நூறில் ஒரு பங்குகூடப் பயிராகவில்லை என்கிறார் பரனீ. அவர் சுல்தானிடம் கசப்புக் கொண்டவர்தாம். எனினும் அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா இரண்டு கோடி தங்கா நிலுவையைத் தள்ளுபடி செய்ததாக அஃபீஃப் எழுதுவதைப் பார்க்கையில், பரனீயின் கூற்றை முற்றிலும் ஒதுக்க இயலவில்லை.

அக்பரின் ஆட்சி முறையைக் கூறும் 'ஆயினே அக்பரி'யிலும், முஹம்மது ஹாஷிமுக்கு ஒளரங்கசீப் விடுத்த ஃபர்மானிலும், திப்பு சுல்தானின் வரிவிதிகளிலும் தக்காவி இடம்பெறுகிறது. பாராமகால் 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்ததால், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து உழவர்க்கு அச்சொல் அந்நியமாக இருந்திராது. பின்னர் ஆங்கிலேயர் 1883, 1884 ஆண்டுகளின் சட்டங்களால் அதனை வட்டியுடன் கூடிய கடனாக்கினர். தவணை தவறினால், நிலவரி பாக்கியைப் போலவே ஜப்தி செய்து வசூலிக்கலாயிற்று. பெயரில் மட்டும் குவ்வத் எஞ்சியது!

2019-இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. இது கடனன்று; வட்டியும் இல்லை. அவ்வகையில் பழைய தக்காவியினும் மேலானது. ஆயினும் நிலம் எவர் பெயரில் உள்ளதோ அவருக்கே பணம். குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை. நிறுவனங்களின் நிலங்களும் இதற்குப் புறம்பு. ஆகவே நம் பள்ளிவாசல்களின் வக்ஃபு வயலில் உழுபவர், தம் பெயரில் வேறு நிலம் இல்லையேல், இப்பட்டியலில் இடம்பெறார். அவரிடம் குத்தகை நெல்லை அளந்து வாங்கும் முத்தவல்லிகள், விதைப்புக் காலத்தில் அவருக்கு ஒரு முன்பணம் கொடுக்க வழியுண்டா என்று ஜமாஅத்தைக் கூட்டி ஆராயலாம்.