கோலாப்பூர் அரசாணையும் கங்காராமின் தேநீர்க்கடையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26 அன்று சாகு மகராஜின் படத்தைப் பகிர்கிறோம். படத்துக்குக் கீழே பெரும்பாலும் 'ஏழைகளுக்கு வாரி வழங்கிய வள்ளல்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் நமக்கு உறுத்துகிறது. ஒருவரை வள்ளல் என்று சொன்ன உடனேயே, வாங்கியவர் கைநீட்டி நின்றவர் ஆகிவிடுகிறார். இடஒதுக்கீட்டைச் 'சலுகை' என்று வகுப்பறையில் நம் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆகவே கோலாப்பூரில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1874இல் காகல் என்ற ஊரில் பிறந்து, பத்து வயதில் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனவர் சாகு. 1894இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது சமஸ்தானத்தின் 71 உயர் பதவிகளில் 60இல் பார்ப்பனர்கள். எழுத்தர் வேலை 500 என்றால் அதில் 490 அவர்களுடையது. ராஜா மராத்தியர், ராஜ்ஜியம் யாருடையது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

அந்த ராஜாவுக்கும் அடி விழுந்தது. 1899இல் பஞ்சகங்கை ஆற்றில் நீராடும்போது, புரோகிதர் வேத மந்திரம் ஓதாமல் புராண மந்திரம் ஓதினார். கேட்டால், சூத்திரருக்கு வேத மந்திரம் கிடையாது என்று பதில். 'வேதோக்தப் பிரச்சினை' என்று மராட்டிய வரலாற்றில் பேசப்படுவது இதுதான். திலகர் பார்ப்பனர் பக்கம் நின்றார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சாகு அப்போது கேட்டது சத்திரியர் என்ற தன் தகுதியைத்தான், எல்லோருக்குமான சமத்துவத்தை அல்ல. ஆனாலும் தன் மேல் பட்ட அவமானத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தனக்கும் கீழே அழுத்தப்பட்டவர்கள் மீது அவர் பார்வை போனது. அதனால்தான் இன்று அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

1902 ஜூலை 26 தேதியிட்ட கோலாப்பூர் அரசாணையைச் சமூகவியல் மாணவர்கள் ஒருமுறையாவது வரிவரியாகப் படிக்க வேண்டும். காலியாகும் பணியிடங்களில் 50 விழுக்காடு பின்தங்கிய வகுப்பாருக்கு. பார்ப்பனர், பிரபு, ஷென்வி, பார்சி போன்ற முன்னேறிய வகுப்பார் நீங்கலாக மற்ற அனைவரும் பின்தங்கியவர்கள். எந்த அலுவலகத்தில் அவர்கள் பாதிக்கும் குறைவோ, அங்கே அடுத்த நியமனம் அவர்களுக்கே. எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிப் பகுதி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் யாரை நியமித்தோம் என்று ஒவ்வொரு துறைத் தலைவரும் கணக்குக் கொடுக்க வேண்டும். தானம் செய்கிறவர் யாரிடமும் கணக்குக் கேட்க மாட்டார். நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களின் பட்டியலைக் கேட்டுத் தகவல் அறியும் மனு போட்டு அலையும் நம் தோழர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசின் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது 1921இல்தான்.

ஆணையில் குறை இல்லாமல் இல்லை. மராத்தியரையும் மகாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது அது. நிலமும் செல்வாக்கும் உள்ள சாதியும், ஊருக்குள் குடிநீர் எடுக்க முடியாத சாதியும் ஒரே பாதிக்குப் போட்டியிட்டால் யார் முந்துவார்கள்? உள் ஒதுக்கீட்டு விவாதத்தின் வேர் அங்கேயே கிடக்கிறது. விடுதிகளையும் சாதிவாரியாகவே கட்டினார். 1908இல் தீண்டப்படாத மாணவர்களுக்கான மிஸ் கிளார்க் விடுதி வந்தது. பிரித்துவைத்துப் படிக்கவைப்பது தீர்வாகுமா என்ற கேள்வி நியாயமானது. 1917இல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். 1919இல் தீண்டப்படாதோருக்கான தனிப் பள்ளிகளை மூடி, அந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலேயே சேர்க்கச் சொன்னார்.

இனி கங்காராம் காம்ப்ளே. அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த மகார். சாதியினருக்கான தண்ணீரைத் தொட்டதற்காக மராத்தியப் பணியாளர்கள் அவரை அடித்து நொறுக்கினார்கள். நடந்தது சாகுவின் சொந்த அரண்மனையில் என்பதை மறந்துவிடக் கூடாது. நல்ல ராஜா இருந்தால் சாதி வாசலிலேயே நின்றுவிடுவதில்லை. விஷயம் தெரிந்ததும் சாகு அடித்தவர்களைத் தண்டித்தார். கங்காராமை லாய வேலையிலிருந்து விடுவித்து, சொந்தமாகத் தொழில் செய்யச் சொன்னார். கங்காராம் 'சத்திய சுதாரக்' என்ற பெயரில் தேநீர்க்கடை போட்டார். மகார் போட்ட தேநீரைக் குடிக்க எவன் வருவான்? சாகு தன் வண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தித் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கூட வந்த பெரிய மனிதர்களுக்கும் வேறு வழி இல்லை, குடித்தார்கள். நம்மூரில் இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். ராஜா அங்கே எதையும் கொடுக்கவில்லை. கங்காராம் கையிலிருந்து வாங்கினார்.

மான்காவ் மாநாட்டையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 'மூக்நாயக்' இதழுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பணம் பெரிதுதான். ஆனால் 1920 மார்ச்சில், தன் சமஸ்தானத்துக்குள்ளேயே தீண்டப்படாதோர் நடத்திய மாநாட்டில், 28 வயது அம்பேத்கர் தலைமையில், ஒரு மன்னர் வந்து நின்று, உங்கள் தலைவரை நீங்களே கண்டுகொண்டீர்கள் என்ற பொருளில் பேசினார். தலைமையை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று 1918இல் அவர் ஒழித்த மகார் வதன். துண்டு நிலத்தைக் காட்டி, ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஊர்வேலைக்குக் கட்டிப்போடும் ஏற்பாடு அது. நம் பக்கத்து வெட்டியான் மானியம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோலாப்பூரில் நிலம் உழுதவர் பேருக்கே ஆனது, ஊழியம் நின்றது. அதே ஆண்டுகளில் மகார்களைப் பயிற்றுவித்துக் கிராமக் கணக்கர்களாகவும் நியமித்தார். தண்டோரா போட்டவர் வீட்டுப் பிள்ளை ஊர்க் கணக்கு எழுத உட்கார்ந்தான்.

சாகு 1922 மே 6 அன்று, 50 வயதுகூட ஆகாமல், பம்பாயில் இறந்தார். கோலாப்பூருக்கு வெளியே பம்பாய் மாகாணத்தில் வதன் அப்படியே இருந்தது. அதை ஒழிக்க அம்பேத்கர் 1928இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. கடைசியில் சட்டம் 1958இல் வந்தது. அப்போது அம்பேத்கர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.