குடிபுகும் நாளின் கடமை

பால்பண்ணையாலும் கறவை மாடுகளாலும் பெயர் பெற்று, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்த மாதவரத்திலே, கிடங்குகளிலும் லாரி நிலையத்திலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் ஜீவனம் தேடும் குடும்பங்கள் வாடகை வீடுகளில் வாழ்கின்றன. ஒரு குடித்தனம் காலி செய்யும் நாளில், சுவரின் ஆணித்துளைகளையும் உடைந்த தாழ்ப்பாளையும் சுட்டிக்காட்டி வீட்டுக்காரர் அட்வான்ஸில் கைவைக்க, "நாங்கள் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று குடித்தனக்காரர் மறுக்க, இரு தரப்பிலும் மனக்கசப்பே மிஞ்சுகிறது. இந்தச் சச்சரவின் பூர்வ சரித்திரத்தை அறிந்தால், அதைத் தடுக்கும் மார்க்கமும் விளங்கும்.

குடியிருப்பவர் வீட்டைப் பெற்ற ஸ்திதியிலேயே திருப்பித் தர வேண்டும் என்றும், நியாயமான தேய்மானத்துக்கும் தடுக்கவியலாத சக்தியால் நேரும் மாறுதலுக்கும் அவர் பொறுப்பாளியல்லர் என்றும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்தது. ஆனால் பெற்றபோது வீடு எந்த ஸ்திதியில் இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாவிடில் அந்த விதியால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

சென்னைப் பட்டணத்துக்கோ இன்னொரு விசேஷமும் உண்டு. மனையை மாத்திரம் வாடகைக்கு எடுத்து அதன்மேல் தம் பணத்தில் வீடு கட்டிக்கொண்ட ஏழை ஜனங்கள், மனைக்காரர் வெளியேறச் சொன்னால் எல்லாவற்றையும் இழந்து நின்ற அவலத்தைக் கண்டு, கட்டடத்துக்கு நஷ்டஈடு பெறவும், நீதிமன்றத்தின் மூலம் மனையையே விலைக்குக் கேட்கவும் உரிமை தந்தது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். குடியிருப்பவன் வீட்டைக் கெடுப்பவன் மாத்திரமல்லன், அதை ஆக்குபவனாகவும் இருந்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தின் வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு 1946-இல் சட்டமாகி, 1949-இல் மாற்றப்பெற்று, 1960-இல் நிலைபெற்றது. கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிதும் குறைக்கத்தக்க சேதத்தை விளைவிப்பவரை வெளியேற்ற அது வழி தந்தது. அட்வான்ஸையும் ஒரு மாத வாடகைக்குள் அடக்க முயன்றது. ஆயினும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நகரில் வேரூன்றியது. வாடகை உயராத வீட்டுக்கு உடையவர் சுண்ணாம்பு அடிக்கவும் தயங்க, உடையவர் கவனியாத வீட்டைக் குடியிருப்பவரும் கவனியாமல் விட்டார்.

2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம், முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைப் பொது அளவாக வைத்து, எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியதோடு, வேலைகளையும் பிரித்துக் கொடுத்தது: கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், மின்கம்பி முதலியவை உடையவரைச் சேர்ந்தவை, குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை.

ஆகவே, சேதத்தைத் தடுக்கும் நாள் காலி செய்யும் நாளன்று, குடிபுகும் நாளே. அன்றைக்கு இருவரும் சேர்ந்து அறை அறையாய் நடந்து, சுவர், தரை, கதவு, குழாய், விசிறி ஒவ்வொன்றின் நிலையையும் எழுதி, படம் எடுத்து, கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்களேயானால், பிற்காலத்து வாதம் பெரும்பாலும் எழாது. குடியிருக்கும் காலத்திலும், முன்னறிவிப்போடு வந்து பார்க்கும் உடையவரும், கசிவு கண்டவுடன் சொல்லியனுப்பும் குடித்தனக்காரரும் வாய்த்துவிட்டால் சிறு பழுது பெருஞ்சேதமாக வளராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பொரியும் சுவரைக் குடித்தனக்காரர் தலையில் சுமத்துவது அநியாயம். அவர் பிள்ளை உடைத்த கண்ணாடியை அவர் மறைப்பதும் அநியாயமே.

பெருந்தொகையை வாங்கி வைத்துக்கொள்வதால் மாத்திரம் வீடு பாதுகாப்புப் பெற்றதில்லை. முதல் நாளில் எழுதி வைத்த உண்மை ஒரு தாளில் இருக்குமானால், சாவி கைமாறும் கடைசி நாளில் இரு தரப்பாரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கலாம்.