பாறையில் தொடங்கிய கடிதங்கள்

நேரு தன் மகளுக்கு எழுதிய கடிதங்களை, ஒரகடத்துப் பிள்ளைகளுக்குப் பாறைப் பாடம் நடத்தும்போதுதான் நான் வாசித்துக் காட்டுவது வழக்கம். 1928 கோடையில் முசௌரி மலையில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு எழுதியவை அவை. மறு வருஷமே புத்தகமாக வந்தன. பிரேம்சந்த் இந்தியில் மொழிபெயர்த்தார்.

வழவழப்பான கூழாங்கல் ஒன்று எப்படி உருண்டையானது என்று முதல் கடிதத்திலேயே கேட்கிறார். மலையில் உடைந்த முரட்டுக் கல், ஆற்றோடு உருண்டு உருண்டு மழுங்கிய கதை அது. ராஜாக்களை விட்டுவிட்டுக் கல்லிலிருந்து சரித்திரத்தைத் தொடங்கினாரே, அதற்காகவே அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம்.

"இந்திரா என்ன பதில் எழுதினாங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகத்தில் அப்பாவின் குரல் மட்டும்தான். ராமாயணம், மகாபாரதத்தோடு அதுவும் நின்றுவிடுகிறது. 1930இல் சிறையிலிருந்து மறுபடி தொடங்கி, 196 கடிதங்களில் உலக சரித்திரமே சொல்லி முடித்தார். மகள் எழுதியவை சோனியா காந்தி தொகுத்து 1989இல் வெளிவந்த நூலில் இருக்கின்றன. அந்த மகளின் மூத்த பிள்ளை 1991 மே 21 அன்று கொல்லப்பட்டது எங்கள் ஸ்ரீபெரும்புதூரில். நினைவிடத்தை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

காலடியில் இருப்பதைத்தான் பார்த்ததில்லை. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிறகு இந்தப் பக்கத்துப் பாறைகளையும் ஆராய்ந்து எழுதினார். நிலவியல் நூல்களில் அந்த அடுக்குகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றுதான் பெயர். வயது பத்துக் கோடி ஆண்டுக்கு மேல். செம்மண் சரளைக்குக் கீழே வெளிறிய களிப்பாறை. ஏடு ஏடாகப் பிரியும். சில ஏடுகளில் நடு நரம்பும் இருபுறமும் நெருங்கிய சிற்றிலைகளுமாக டிலோஃபில்லம் என்ற செடியின் அச்சு பதிந்திருக்கும். சைக்கஸ் இலை போன்ற சாயல். அதே அடுக்குகளில் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் எச்சமும் கிடைத்திருக்கிறது. கடல் இங்கே வரை வந்திருக்கிறது!

இதே மண்ணில்தான் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். வேலை வந்தது, வரட்டும். ஆனால் அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது அந்தக் களிப்பாறை தென்பட்டால், லாரியில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டுவதற்கு முன் நாலு பாளத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுங்கள். பிரித்துப் படிக்க நான் சொல்லித் தருகிறேன்.