கட்டளை வரியில் காணொளித் திருத்தம்

கட்டளை வரியில் காணொளித் திருத்தம் என்பது முனையத்தில் தட்டச்சிடும் ஆணைகளால் காணொளிக் கோப்புகளை வடிவம் மாற்றுதல், வெட்டுதல், ஒட்டுதல், ஒலியைப் பிரித்தல், எழுத்துச் சேர்த்தல் முதலிய வேலைகளைச் செய்யும் முறை. இதற்கு உலகெங்கும் முதன்மையாகப் பயன்படுவது எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள்.

பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் இதை 2000ஆம் ஆண்டு, ஜெரார் லான்தோ என்ற புனைபெயரில் தொடங்கினார். பின்னர் மைக்கேல் நீடர்மையர் பல்லாண்டுகள் தலைமையேற்று வளர்த்தார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த காணொளி இயக்கிகளான எம்பிளேயர், அதன் துணைக்கருவி எம்என்கோடர், விஎல்சி ஆகியவை எஃப்எஃப்எம்பெக்கின் நிரலகங்களைக் கொண்டே பெரும்பாலான கோப்புகளைத் திறந்தன. நிர்வாகம் பற்றிய பிணக்கால் 2011 மார்ச்சில் ஒரு பகுதியினர் பிரிந்து லிப்ஏவி என்ற திட்டத்தைத் தொடங்கினர். டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கல்கள் இரண்டும் லிப்ஏவியை ஏற்றன. அவற்றில் எஃப்எஃப்எம்பெக் என்ற பழைய ஆணையை இட்டவருக்கு, இந்த நிரல் இனி வளர்க்கப்படாது, ஏவிகான்வ் என்ற புதிய ஆணையைப் பயன்படுத்துக என்ற அறிவிப்பு வந்தது. எஃப்எஃப்எம்பெக்கே நின்றுவிட்டது என்று பலர் நம்பிவிட்டனர்; அது தவறு. லிப்ஏவியில் நடந்த திருத்தங்களையும் நீடர்மையர் தொடர்ந்து தம் பக்கம் சேர்த்துவந்ததால் எஃப்எஃப்எம்பெக்கே நிறைவான கருவியாக நிலைத்தது. 2015இல் உபுண்டு அதற்குத் திரும்பியது, டெபியனும் திரும்பியது. அதே ஆண்டு நீடர்மையர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஒரு காணொளிக் கோப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. எம்பி4, எம்கேவி, வெப்எம் போன்றவை கொள்கலன்கள். அவற்றுக்குள் எச்.264, விபி9 போன்ற கோடெக்குகளால் சுருக்கப்பட்ட படத்தாரையும் தனியே ஒலித்தாரையும் இருக்கும். கொள்கலனை மட்டும் மாற்றுவதென்றால் தாரைகளை அப்படியே நகலெடுத்தால் போதும். தரம் சிறிதும் குறையாது, நிமிடங்களில் முடியும். சுருக்கத்தை விரித்து மீண்டும் சுருக்கும் மறுகுறியாக்கம் செய்தாலோ ஒவ்வொரு முறையும் தரம் இழக்கப்படும். பல வரைகலைத் திருத்திகள் இந்த வேறுபாட்டைப் பயனருக்குக் காட்டாமல் எல்லாவற்றையும் மறுகுறியாக்கமே செய்கின்றன. கட்டளை வரியின் தலையாய நன்மை, இரண்டில் எது நடக்க வேண்டும் என்பதை ஆணையிடுபவரே முடிவுசெய்வதுதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டையில் இரவு முழுதும் ஆடும் தெருக்கூத்து ஒன்றை எட்டு மணி நேரம் பதிவு செய்வதாகக் கொள்ளலாம். நினைவட்டையின் கோப்பு முறை ஃபேட்32 ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 17 மெகாபிட் வீதம் பதிந்தால் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் சுமார் 15 துண்டுகள் கிடைக்கும். துண்டுகளின் பெயர்களை வரிசையாக ஓர் உரைக்கோப்பில் எழுதிக் கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் அவற்றை நகல் முறையிலேயே ஒரே கோப்பாகக் கோத்துத் தரும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வருகையிலிருந்து தனியே வெட்டியெடுப்பதில் மட்டும் ஒரு தடை உண்டு: நகல் முறையில் வெட்டு, பிற சட்டகங்களைச் சாராத முழுச் சட்டகம் உள்ள இடத்தில்தான் தொடங்க முடியும். எச்.264க்கான எக்ஸ்264 குறியாக்கி இரு முழுச் சட்டகங்களுக்கிடையே இயல்பாக 250 சட்டகங்கள்வரை இடைவெளி விடும். நொடிக்கு 25 சட்டகம் என்றால் அது 10 நொடி. துல்லியமான வெட்டு வேண்டுவோர் மறுகுறியாக்கமே செய்ய வேண்டும். அப்போது தர அளவை 0 முதல் 51 வரை அமைக்கலாம். இயல்பு மதிப்பு 23. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்.

வீடுகளில் தேங்கியுள்ள திருமண விசிடிகளைக் காக்கவும் நகல் முறையே ஏற்றது. விசிடியில் இருப்பது 352×288 அளவுள்ள, நொடிக்கு 1150 கிலோபிட் எம்பெக்-1 படம். .dat என்ற ஈற்றுடைய அதன் கோப்பை எம்பெக் கொள்கலனுக்கு மாற்றினால் போதும். மறுகுறியாக்கம் ஏற்கெனவே மங்கிய முகங்களை மேலும் சிதைக்கும். விஎச்எஸ் கேசட்டிலிருந்து எடுத்த படத்தில் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் வெவ்வேறு கணத்தில் பதிந்திருப்பதால் கணினித் திரையில் அசைவுகள் சீப்புப் பல் போலத் தெரியும். நீடர்மையர் எழுதிய யாடிஃப் வடிகட்டி அதைச் சீராக்குகிறது.

படத்தின்மேல் தமிழ் எழுதுவது நெடுங்காலம் இடராக இருந்தது. ஒருங்குறியில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னே தோன்ற வேண்டியவை. எஃப்எஃப்எம்பெக்கின் நேரடி எழுத்து வடிகட்டி இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் குறிகளைப் பின்னாலேயே வைத்தது. 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில் எழுத்துகளை முறைப்படி அடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகம் இணைந்தபின் இது சரியானது. அதற்கு முன்பும் லிப்ஆஸ் என்ற துணைவசன நிரலகம் வழியாகத் துணைவசனக் கோப்பைப் படத்தில் பதித்தவர்களுக்குத் தமிழ் ஒழுங்காகவே கிடைத்தது.

விக்கிமீடியா பொதுவகம் கட்டற்ற வடிவங்களையே ஏற்பதால் தமிழ் விக்கிப்பீடியர்கள் கைப்பேசியின் எம்பி4 கோப்புகளை வெப்எம் ஆக மாற்றியே பதிவேற்றுகின்றனர். 2025 ஆகஸ்டில் வெளியான எஃப்எஃப்எம்பெக்கின் 8.0 பதிப்பில், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் வடிகட்டி சேர்க்கப்பட்டுள்ளது.