கடல் விலகிய ஊரும் குகைத் தோழர்களும்

நம்மிடம் ஓதிச் சென்று, இப்போது வளைகுடாவில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் அண்மையில் நமக்கு எழுதியிருந்தார். வரும் மாதம் அவருக்கு நாற்பது வயது நிறைகிறதாம். அதையொட்டித் துருக்கியின் குஷாதாசி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்று வரவும், அருகிலுள்ள எஃபெசஸ் என்னும் பழைய நகரின் இடிபாடுகளைப் பார்க்கவும் அவருடைய துணைவியார் விரும்புகிறாராம். "பிறந்த நாளையொட்டிப் பயணம் போவது கூடுமா, ஹஜ்ரத்? அழிக்கப்பட்ட சமூகத்தாரின் ஊருக்குள் நுழையலாமா?" என்பது அவர் கேள்வி. இரண்டாவதற்கு வரலாற்றைப் புரட்டாமல் விடை சொல்ல இயலாது. எனவே எல்லாருமே படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்வோம். கேக் வெட்டுவதும் மெழுகுவத்தி ஊதுவதும் நம் மார்க்கத்தின் வழக்கமல்ல என்பதை அவரே அறிவார். ஆனால் கணவனும் மனைவியும் விடுப்பெடுத்து ஓர் ஊரைப் பார்த்து வருவதைத் தடுக்க நம்மிடம் ஆதாரம் ஏதுமில்லை. நாற்பது வயதைத் திருக்குர்ஆனே குறிப்பிட்டுப் பேசுகிறது. அல்அஹ்காஃப் அத்தியாயத்தில், அந்த வயதை எட்டிய மனிதன் தனக்கும் தன் பெற்றோருக்கும் அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தும் பேற்றைக் கேட்கிறான். தன் சந்ததியின் சீர்மைக்காகவும் இறைஞ்சுகிறான். ஆகவே விமானம் ஏறுமுன் ஊரிலுள்ள வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துப் பேசி துஆ கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாம் கேள்விக்குக் காரணமான நபிமொழியை நாமே அவருக்குப் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் நோக்கிச் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியை முஸ்லிம் படை கடந்தது. அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அங்குள்ள கிணறுகளின் நீரில் பிசைந்த மாவைக்கூட ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். ஆனால் அது இறைவேதனை இறங்கிய இடம் என்று வஹீயின் மூலம் அறியப்பட்ட ஓர் ஊர். தூண் சாய்ந்து கிடக்கும் எந்த ஊரைக் கண்டாலும் அங்கே வேதனை இறங்கியது என்று நாமாக முடிவு கட்டுவது அளவு மீறிய பேச்சு. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அதே குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. எஃபெசஸின் முடிவு என்னவாயிற்று?

அந்நகரைக் கொன்றது பெரும்பாலும் சேறுதான். ஏஜியன் கடலோரத்தில், கைஸ்டர் என்று பண்டைக் கிரேக்கர் அழைத்த ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுக நகரம் அது. உரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்குத் தலைநகராய் விளங்கியது. ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம் ஒன்று மலைச்சரிவில் இன்றும் இருக்கிறது. அதன் மேற்படியில் நின்று மேற்கே பார்த்தால், அரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பளிங்கு பதித்த அகன்ற வீதி ஒன்று நேராகத் துறைமுகத்துக்கு ஓடுவது தெரியும். வீதி முடியும் இடத்தில் கப்பல் இல்லை, நீரும் இல்லை. நாணல் புதரும் வயல்களுமே இருக்கின்றன. கடல் ஐந்தாறு கிலோமீட்டர் அப்பால் போய்விட்டது.

ஆறு கொண்டுவந்த வண்டல் ஆண்டுக்காண்டு படிந்து துறையைத் தூர்த்தது. பெர்கமம் அரசர் அட்டாலஸ் காலத்துப் பொறியாளர்கள் துறையின் வாயைக் குறுக்கி ஓர் அணை கட்டினார்கள். வாய் குறுகினால் துறை ஆழமாகும், பெரிய கப்பல்கள் வரும் என்று எண்ணினார்கள். நடந்தது நேர்மாறு. முன்பெல்லாம் வற்றும் அலை வண்டலை அள்ளிக் கடலுக்குக் கொண்டுபோகும். வாய் அடைபட்டதும் அது உள்ளேயே தங்கிவிட்டது என்று ஸ்ட்ராபோ என்னும் பண்டைய புவியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு உரோமர் தூர்வாரினார்கள். ஆற்றையே திருப்பிப் பார்த்தார்கள். நிலநடுக்கமும் கோத்தியரின் கொள்ளையும் நகரைப் புண்படுத்தினாலும் மக்கள் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். தூர்ந்த துறையைத்தான் அவர்களால் மீட்க முடியவில்லை.

தாமிரபரணிக் கரை மக்களுக்கு இது புதுக்கதையன்று. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. கொற்கைக்குப் பின் எழுந்த பழைய காயலும் அவ்வாறே கரையிழந்தது.

எஃபெசஸ் இடிபாடுகளில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம் செல்சஸ் நூலகத்தின் முகப்பு. ஆளுநராயிருந்த தந்தையின் நினைவாக மகன் எழுப்பிய கட்டடம் அது. அதன் அடியிலேயே தந்தையின் கல்லறையும் உள்ளது. இன்று நாம் காணும் முகப்பு 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சிதறிய கற்களைத் தேடி அடுக்கி நிறுத்தியது. நம் பார்வையில் இதைவிட நின்று பார்க்க வேண்டியது சுற்றுலாக் கூட்டம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சதுப்பு நிலம். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த இடம் அது. அக்கோயில் எங்கே இருந்தது என்பதையே உலகம் மறந்துவிட்டது. ஜான் டர்ட்டில் வுட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1863இல் தேடத் தொடங்கி, 1869இன் கடைசியில்தான் சேற்றுக்கடியில் ஆழத்தில் அதன் தளத்தைக் கண்டார். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்திய ஒரே ஒரு தூண் இப்போது அங்கே நிற்கிறது. அதன் உச்சியில் நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

துறை தூர்ந்ததும் மக்கள் சற்றுத் தள்ளியிருந்த அயாசுலுக் குன்றைச் சுற்றிக் குடியேறினார்கள். இன்றைய செல்ச்சுக் நகரம் அதுதான். இங்கேதான் நம் வரலாறு நுழைகிறது. ஐதீன் வம்சத்துத் துருக்கியர் ஆண்ட 1330களின் தொடக்கத்தில் இப்னு பதூதா இவ்வூருக்கு வந்தார். பெருங்கற்களால் கட்டப்பட்ட பழைய தேவாலயம் ஜும்ஆ பள்ளியாகியிருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். ஊரின் ஆளுநரான இளவரசர் கிள்ர் பேக்குக் குதிரையிலிருந்து இறங்காமலே ஸலாம் சொல்லிவிட்டாராம். அதில் மனம் சுளித்த இளவரசர் ஒரேயொரு பட்டுத் துணியோடு அன்பளிப்பை முடித்துக்கொண்டார். அதையும் மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை. பத்தாண்டு கழித்து இதே மனிதர் நம் மஅபர் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தினரானார் என்பது பலரும் அறிந்ததே.

குன்றின் சரிவில் 1375இல் ஈசா பே கட்டுவித்த பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளி. கட்டியவர் டமாஸ்கஸ் வழிவந்த கலைஞர். அங்குள்ள உமையாப் பள்ளியின் சாயல் இதில் தெரியும். உள்ளே மாடத்தைத் தாங்கும் கருங்கல் தூண்கள் எஃபெசஸ் இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தவை.

இனி குகை. இடிபாடுகளுக்குக் கிழக்கே ஒரு மலைச்சரிவில், அஸ்ஹாபுல் கஹ்ஃப் உறங்கிய குகை என்று காட்டப்படும் இடம் உள்ளது. வெள்ளிதோறும் கஹ்ஃப் அத்தியாயம் ஓதும் வீட்டார் இவ்வூரைத் தேர்ந்தெடுத்தது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தெரிந்து போகட்டும். நம் விரிவுரையாளர் பலர் ஊரின் பெயரை உஃப்ஸூஸ் என்றும், அரசனை தக்யானூஸ் என்றும் எழுதியுள்ளனர். அவன் உரோமப் பேரரசன் டீசியஸ்; 249 முதல் 251 வரை ஆண்டவன். கிறித்தவர் கதையில் அவ்விளைஞர்கள் விழித்தெழுவது இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில். அவர் இறந்தது 450இல். இடைப்பட்ட காலம் எப்படிக் கூட்டினாலும் ஏறத்தாழ 200 ஆண்டுதான். குர்ஆன் சொல்வதோ முந்நூறும், கூடுதலாக ஒன்பதும். இமாம் இப்னு கஸீர் இந்நிகழ்ச்சி ஈசா (அலை) அவர்களுக்கும் முந்தியதாக இருக்கலாம் என்கிறார். மக்கத்துக் குறைஷியருக்கு இக்கேள்வியைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யூத அறிஞர்கள் என்பது அவர் காட்டும் காரணம். நமக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது. ஜோர்தானில் அம்மான் அருகே ஒரு குகை, துருக்கியிலேயே தர்ஸூஸில் ஒன்று, அஃப்ஷினில் ஒன்று என இன்னும் பல ஊர்கள் இப்பெருமைக்கு உரிமை கோருகின்றன. 1920களின் இறுதியில் எஃபெசஸ் குகையைத் தோண்டியவர்கள் ஒரு தேவாலயத்தையும் நூற்றுக்கணக்கான கல்லறைகளையும் கண்டார்கள். நல்லோர் உறங்கிய இடத்தருகே தாமும் அடங்க விரும்பியவர்களின் கல்லறைகள் அவை. அம்மக்களின் நம்பிக்கைக்கு அவை சான்று. குகை இதுதான் என்பதற்குச் சான்றாகா. ஊர் பெயரையும் அரசன் பெயரையும் குர்ஆன் கூறவில்லை. தோழர்களின் எண்ணிக்கையைப் பற்றித் தர்க்கிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

அந்த ஒன்பது ஆண்டுக் கணக்கு நாற்பது வயதுக்காரருக்கு உதவும். சூரியக் கணக்கில் 300 ஆண்டு என்பது சந்திரக் கணக்கில் 309 என்று விரிவுரையாளர் விளக்குவர். கூட்டிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. அதே கணக்கில், ஆங்கிலத் தேதிப்படி நாற்பது நிறையும் நாளில் நம் சகோதரருக்கு ஹிஜ்ரிப்படி 41 வயது நிறைந்து இரண்டு மாதமும் கடந்திருக்கும். கொண்டாட நினைத்த நாள் ஓராண்டுக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் போய்விட்டது! உறங்கி எழுந்த தோழர்களுக்கும் தம் கணக்குத் தெரியவில்லை. ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, கையிலிருந்த வெள்ளிக் காசைக் கொடுத்து, தூய்மையான உணவாகப் பார்த்து வாங்கி வரும்படி ஒருவரை ஊருக்குள் அனுப்பினார்கள்.

குகையைக் கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க நேரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே போகும் பாதையோரக் கடைகளில் பெண்கள் மாவை மெல்லிசாக விரித்து, கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடித்துக் கல்லில் சுட்டுத் தருவார்கள். கொஸ்லெமே என்று பெயர். இருவரும் பசியோடு போய்ச் சேருங்கள்.